போய் வா

சனிக்கிழமை காலை பத்து மணி.
சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
செருப்பும் செல்போனும் வாசலில்,
பெற்றோர் உள்ளே. அதுதான் அங்கே சட்டம்.
பிள்ளையை விட்டுவிட்டு
டீ குடிக்கப் போகலாமென்று வந்தவன் நான்.
"அப்பாவும் பாடணும்" என்றார் பெர்னீஸ் டீச்சர்,
கையெழுத்துப் போடச் சொல்லும் குரலில்.

என் பெயர் தாவீது.
சுரமண்டலம் வாசித்த ராஜாவின் பெயர்.
பெயரை வைத்தவர்கள் தொண்டையை வைக்கவில்லை.
பத்து வயதில், கிறிஸ்துமஸ் பாடற்குழுவில்,
"நீ வாயை மட்டும் அசைடா" என்றார்கள்.
அசைத்தேன்.
அதற்குப் பிறகு வந்த எல்லா ஞாயிறும் அசைத்தேன்.
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுகிறவர்கள்
என்னையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

ஜெமிமாவுக்கு இரண்டு வயது ஐந்து மாதம்.
அம்மாவுக்குச் சனிக்கிழமை வார்டில் டியூட்டி,
ஆகவே நான்.
மருந்து பாட்டிலில் புளியங்கொட்டை போட்டு
மூடியில் டேப் ஒட்டிக் குலுக்கை செய்து
கொண்டுபோனோம்.
எல்லாப் பிள்ளைகளும் குலுக்கினார்கள்.
இவள் மூடியைச் சப்பினாள்.

தஸ்னீமின் மகன் ரையான்
டீச்சர் "ஸா" என்றால் "ஸா" என்றான்.
தலைமைக் காவலரின் இரட்டைப் பெண்கள்
தாளத்துக்குத் தொப்பென்று உட்கார்ந்து எழுந்தார்கள்,
அவர்களோடு அவரும், தொப்பையோடு.
என் மகள் வட்டத்துக்கு முதுகைக் காட்டி
ஜன்னல் கம்பியில் எறும்பு பார்த்தாள்.
ஒரு வாரம், இரண்டு வாரம்,
ஏழு வாரம் எறும்பு.
"காது இங்கதான் இருக்கு" என்றார் டீச்சர்.
கட்டிய பணமும் அங்கேதான் இருக்கிறது
என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வகுப்பு முடியும்போது ஒரு பாட்டு.
பாட்டு என்றால் இரண்டே சொல்.
போய் வா.
ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி,
போய் வா.
அந்த "வா" மேலே ஏற வேண்டும்,
மாடிப்படியில் கடைசிப் படி மாதிரி.
என்னுடையது அங்கே கால் தவறி
இரண்டு படி கீழே போய் உட்காரும்.
தலைமைக் காவலர் திரும்பிப் பார்ப்பார்.
அவர் வேலை அது.

எட்டாவது வாரம், வீடு திரும்பும்போது,
காட்பாடி மேம்பாலத்தில் நெரிசல்.
கீழே ஒரு கூட்ஸ் வண்டி முடிவில்லாமல் போனது.
ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு
இரண்டு கண்ணாடிக் கம்பிகளையும் பிடித்தபடி
ஜெமிமா ஒவ்வொரு பெட்டிக்கும் பாடினாள்:
போய் வா. போய் வா.
ஒவ்வொரு "வா"வும்
கால் தவறி
இரண்டு படி கீழே போய் உட்கார்ந்தது.
டீச்சருடையது இல்லை, ரையானுடையது இல்லை.
என்னுடையது.
பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.
எனக்குக் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை.

அன்றிரவு தூங்கவில்லை.
மூக்கைக் கொடுத்தேன், சரி.
சளி பிடிக்கும் நெஞ்சைக் கொடுத்தேன்.
இதையுமா?

அடுத்த சனி, எல்லோரும் போனபின்,
"அந்த ஒரு வா மட்டும் சொல்லிக்கொடுங்க" என்றேன்.
பெர்னீஸ் டீச்சர் சிரிக்கவில்லை.
நாற்பது தடவை.
சிப்காட்டில் ஷூ அடிப்பாகம் ஒட்டும் மெஷினில்
ஷிஃப்ட் முழுக்க,
அது தும்மென்று இறங்கும்போதெல்லாம்
நான் மேலே ஏறினேன்.
பக்கத்து மெஷின் முனிரத்தினம்
காய்ச்சலா என்று கேட்டான்.
வியாழக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக
வா கடைசிப் படியில் நின்றது.
ஆடியது, ஆனால் நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவளை மேசைமேல் உட்கார்த்தி,
தொண்டையைச் சரிசெய்துகொண்டு,
ஜெமிமா, போய் வா.

அவள் என் வாயைப் பார்த்தாள்.
சோற்றில் கல் அகப்பட்ட முகம்.
"இல்லப்பா" என்றாள்.
என் தாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
மெதுவாக, எனக்குப் புரியும்படி,
சரியான இடத்தில்
விழுந்து காட்டினாள்.

"எங்க, நீ சொல்லு."