மீன் சுற்றிய தாள்

தண்டவாளம் எங்கள் ஊரோடு முடிந்துவிடும்.
ஒரு கட்டைச் சுவர், ஒரு மண்மேடு,
அதன்மேல் யாரோ விட்டுப்போன ஒற்றைக் காலணி.
அதற்கப்பால் ஏரி.
ரயில் வருவது நின்ற வருடம்
நான் ஏழாம் வகுப்பு.

எங்கள் ஊரில் காற்றுக்குப் பெயர் உண்டு: உலான்.
மேற்கிலிருந்து வரும், கேட்டுக்கொண்டு வராது.
அது அடித்தால் பள்ளிக்கூடத்தின் கூரைத் தகரம்
மணிக்கு முன்பே மணியடிக்கும்.
எழுந்து ஓடுவோம்,
வாசலில் வாங்கிக்கட்டிக்கொண்டு திரும்புவோம்.
ஜெனாலி மட்டும் திரும்ப மாட்டான்.
"தகரத்தை நம்பினேன்" என்பான் மறுநாள்.

குளிர்காலத்தில் ஆளுக்கொரு வாளி நிலக்கரி.
வீட்டில் இல்லாதவர்கள்
ரயில் நிலையத்துக்குப் பின்னால் பனியை உதைத்தோம்,
உதைத்தால் கறுப்பு வரும்.
வகுப்புச் சுவரில் ஒரு வரைபடம்.
அதிலிருந்த நாடு எப்போதோ கலைந்துவிட்டது,
புதியது வாங்கக் காசில்லை.
குச்சியால் அதையே தொட்டுக் காட்டி
இறந்தகாலத்தில் பாடம் நடத்தினார்கள்.

பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தம்.
அம்மா புகைபோட்ட செபாக் மீனைக்
கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டிவிடுவாள்.
"பதக்கம் வாங்கிய பயில்வான் வருகிறான்"
என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள்.
சுற்றிக்கொடுக்கத் தாள் இல்லை,
செய்தித்தாளும் ரயிலோடு நின்றுபோனது.
அதனால் நோட்டுகள்.
முதலில் அண்ணனுடையவை,
பிறகு என் ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு.

லூயிஸா டெர்க்சன் ஜெர்மனிக்குப் போகுமுன்
தன் நோட்டுகளையெல்லாம் என்னிடம் தந்தாள்,
"உன் மீனுக்கு."
அத்தனை அழகான கையெழுத்து.
நல்ல முகம் உள்ளவர்களுக்கு மட்டுமே
அவள் தாளில் சுற்றினேன்.
அந்த வசந்தத்தில் நல்ல முகங்கள் நிறைய வந்தன போலும்.
ஒரு தாளைக்கூட நான் வைத்துக்கொள்ளவில்லை.
இன்றுவரை இதை என்னால் நம்ப முடியவில்லை.

அடுத்த பிப்ரவரியில் ஒரு மாலை,
சால்வையை மூக்குவரை இழுத்துவிட்ட ஒருத்தி
விலை கேட்டாள்.
காலையில் இதே குரல்தான்
என்னைக் கரும்பலகைக்கு அழைத்திருந்தது.
கைரின்சா எஜெ. கணக்கு.
ஐந்து மாதமாகச் சம்பளம் இல்லை,
நவம்பருக்கு மட்டும்
ஆளுக்கு எட்டுப் புட்டி வினிகர் கொடுத்தார்கள்.
அவருக்கு என்னைத் தெரியவில்லை.
எனக்கும் அவரைத் தெரியவில்லை.
"மூன்று சோம்" என்றேன்.
அம்மா சொன்னது ஆறு.
"எல்லோருக்கும் இதே விலையா?"
"எல்லோருக்கும்."
பொய் எனக்குப் புதிதல்ல,
கணக்கு ஆசிரியையிடம் கணக்கில் சொன்னதுதான் புதிது.

கைக்கு வந்த தாளில் சுற்றிக் கொடுத்தேன்.
பேருந்தின் விளக்கு திரும்பியபோதுதான் பார்த்தேன்:
என் பரீட்சைத் தாள், போன வாரத்தது.
சிவப்பு மையில், ஐந்துக்கு
கொழுத்த ஓர் இரண்டு.
அதற்குள் அவர் போய்விட்டார்,
உலான் முதுகில் கைவைத்துத் தள்ள.

"மீதிக் காசு எங்கே?" என்றாள் அம்மா.
காற்று கொண்டுபோய்விட்டது என்றேன்.
எங்கள் ஊரில் அந்தப் பதில் செல்லும்.

மறுநாள் எஜெ என்னைப் பார்க்கவில்லை.
அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள் வீட்டுப்பாட நோட்டு திரும்பி வந்தது.
ஓரத்தில், எறும்பு எழுத்தில்:
"பரீட்சையில் மூன்றாம் வரியில்
கழித்தல் குறியை விட்டுவிட்டாய்.
அதைக் கொண்டுபோய் விலையில் போட்டிருக்கிறாய்."
நடுப்பக்கத்தில் மூன்று சோம்,
வினிகர் வாசனையோடு.

அம்மாவிடம் கொடுக்கவில்லை.
காற்று கொண்டுபோனது எப்படித் திரும்பி வரும்?
சூரியகாந்தி விதை வாங்கினோம், நானும் ஜெனாலியும்.
தண்டவாளம் முடிகிற சுவரில் உட்கார்ந்து
விரல் உப்புக் கரிக்கும்வரை கொறித்தோம்.
நான் ஏரிப் பக்கம் துப்பினேன்.
அவன் மேற்கே துப்பினான்,
அத்தனை தோலும் அவன் முகத்தில்.
துடைத்துக்கொண்டு
மறுபடியும் மேற்கே துப்பினான்.