வெண்ணெய் தனியாக

தேவாலயத்திலிருந்து வந்தோம்.
சமூகக் கூடத்தின் கொதிகலன் மசியவில்லை.
எந்த இடத்தில் உதைத்தால் எரியும் என்பது
ஒரீசியாவுக்குத்தான் தெரியும்.

சஸ்காச்சுவான் ஜனவரி, மைனஸ் முப்பது.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து
ஃப்ரீசரில் கிடைத்த பன்களைச் சூடாக்கித் தின்றோம்.
டப்பாமேல் அவள் கையெழுத்து:
"அடுத்த சாவுக்கு. வெண்ணெய் தனியாக."

இனிமையானவள் என்று சொல்ல மாட்டேன்.
ரத்ததான முகாமில்
ஊசிக்குக் கண்ணை மூடிய என்னை
ஊரே கேட்கத் திட்டினாள்;
பிறகு ஆரஞ்சுச் சாறு நீட்டினாள்.
ஆறு பெருகிய ஏப்ரலில்
இரவெல்லாம் மணல்மூட்டை அடுக்கிவிட்டுக்
காலையில் பள்ளிப் பேருந்தை ஓட்டினாள்,
அதே பூட்ஸோடு.

இன்று பாத்திரம் கழுவ
ஏழு பேர் நின்றோம்.
அவள் இருந்தவரை ஒருவரும் எழுந்ததில்லை.

ஒரு டப்பா மிச்சம்.
லேபிளைக் கிழிக்காமல்
திரும்ப உள்ளே வைத்தேன்.