வினைமுற்று

தோ பாயோ, பதினோராம் மாடி.
சட்டப் பிரிவொன்றைத் தமிழாக்குகிறேன்.
கோப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது.

அரசு
எந்த மனிதரையும்
எந்தக் காரணத்துக்காகவும்
உரிய சட்டமின்றி
அடைத்து வைக்க

இதுவரை அதற்குத் தடையே இல்லை.
பூட்டும் சாவியும் கையில்.
வாக்கியம் முழுக்கத் தன்னுடையதென்று
நடந்து வருகிறது.
கடைசியில்தான், ஒற்றைச் சொல்லாக,
குறுக்கே நிற்கிறது
கூடாது.

ஆங்கிலத்தில் மறுப்பு முதலிலேயே வந்துவிடும்.
நாம்தான் வரியின் முடிவுவரை
மூச்சைப் பிடித்திருக்க வேண்டும்.

சரிபார்க்கும் மர்ஸூக் ஓரத்தில் எழுதியிருக்கிறார்:
‘கூடாது’ கடுமை. ‘தகாது’ போடலாமே?

தகாது என்பது அறிவுரை.
வாயிற்காவலன் கெஞ்சினால்
யார் நிற்பார்?

சிவப்புக் கோட்டை அழித்தேன்.
அடுத்த பிரிவும்
‘அரசு’ என்றுதான் தொடங்குகிறது.