யாருடைய குடை

ஸான்ஸிபார். தூதரகத் தாழ்வாரம்.
காலையிலிருந்து நிற்கிறேன்.
விரல் நுனியெல்லாம் கிராம்புப் பிசின்.
வழக்கு என்னைப் பற்றியது.
என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கேள்வியெல்லாம் வேலஜி சேட்டுக்குத்தான்:
நீ யாருடைய பிரஜை?

வாசல்காரன் ஜுமா எனக்கு விளக்குகிறான்,
கொமோரோக்காரன், நாலு பாஷை தெரிந்தவன்:
ராணியின் பிரஜை அடிமை வைத்திருக்கக் கூடாது.
சுல்தானின் பிரஜை வைத்திருக்கலாம்.
இதே தீவுதான். இதே மரம், இதே சாக்கு.
குடை லண்டனில் இருக்கிறதாம்,
நிழல் மட்டும் கப்பலேறி வந்து
ஆள் பார்த்து விழுகிறதாம்.

மழைக்குக்கூட அவ்வளவு விவரம் போதாது என்றேன்.
சிரித்தான்.
உள்ளே யாரோ இருமியதும் நிறுத்திக்கொண்டான்.

சேட் சத்தியம் செய்கிறார்.
நான் மாண்ட்வியில் பிறந்தவன், கட்ச் ராவின் குடி.
ராணியைக் கண்டேனா,
அவள் உப்பைத் தின்றேனா?
தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார்.
ஆறு வருஷமாய் அதைத் துவைத்துக்
கஞ்சி போட்டவள் நான்;
எத்தனை முழம், எந்த ஓரத்தில் கிழிசல்
எல்லாம் தெரியும்.

துரை சின்னப் பையன்.
வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருக்கிறது.
பேசாமல் அலமாரியைக் காட்டுகிறான்.
ஒரு தாள் வருகிறது.

மூன்று பருவக்காற்றுக்கு முன்னால்
ஸூர் ஆட்கள் படகை மறித்துத்
தந்தமும் துணியும் அள்ளிப் போனார்களே,
அன்றைக்குச் சேட் கொடுத்த மனு:
“மகாராணியின் தாழ்மையுள்ள பிரஜையாகிய நான்...”
அடியில் குஜராத்திக் கையெழுத்து.
வால் நீண்ட எழுத்து.
சாக்குச் சாக்காய் நான் தலையில் சுமந்த எழுத்து.

சேட் அதை வெகுநேரம் பார்த்தார்,
ஊரில் விட்டு வந்த கடன்காரன்
கப்பலேறித் தேடி வந்துவிட்டாற்போல.

அவ்வளவுதான்.
அரக்கு உருகும் வாசனை. ஒரு முத்திரை.
ஸஃபராணி என்ற என் பெயரைத்
துரை மூன்று விதமாய் எழுதி
இரண்டை அடித்தான்.

என் மகன்? என்றேன்.

அப்போதுதான் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.
ஃபெரூஸி. ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை.
இப்போது முளைத்திருக்கும்.
போன பறிப்பு முடிந்த வாரம்
பெம்பாவில் தோப்பு வைத்திருக்கும்
ஸைஃப் பின் ஹுமைதுக்கு விற்றார் சேட்.
பதினெட்டு ரியால்.

துரை தடிப்புத்தகம் ஒன்றைத் திறந்தான்.
பக்கம் தள்ளினான். மறுபடி முன்னால் வந்தான்.
விற்றவன் எங்கள் ஆள்.
வாங்கியவன் எங்கள் ஆள் இல்லை.
விற்றதற்கு அபராதம் போட முடியும் என்றான்.
போட்டான்.
பதினெட்டு ரியாலுக்கு மேல் இரண்டு.
சேட் எண்ணி வைத்தார்.
அது ராணிக்காம்.

வெளியே வந்தேன்.
கொடிக்கம்பத்தின் நிழல் மணலில் நீண்டு
மீன்காரியின் கூடைவரை போயிருந்தது.
ஜுமாவிடம் காகிதத்தை நீட்டினேன்:
நான் யாருடைய பிரஜை என்று இருக்கிறதா, பார்.
உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான்.
வேலஜியுடையவள் இல்லை என்று இருக்கிறது.
அதற்கு அப்புறம்?
அதற்கு அப்புறம் தேதி.

பக்கத்துத் தோப்பு மபுருக்கா
தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தாள்.
அவள் எஜமான் மஸ்கட்டுக்காரர்.
காகிதத்தைத் தொட்டுப் பார்த்தாள்,
மோந்தும் பார்த்தாள்.
நம் கைவாசனைதானே அடிக்கிறது என்றாள்.

இடுப்பு முடிச்சில் அதைச் செருகிக்கொண்டு
படகுத்துறைக்கு இறங்கினேன்.
பெம்பாவுக்கு எப்போது?
தண்ணீர் ஏறினதும்.
படகுக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.
நீ யாருடைய ஆள்?

ஃபெரூஸியின் ஆள் என்றேன்.

அப்படி ஒரு எஜமானை
அவன் கேள்விப்பட்டதில்லை.
தலைக்கு அரை ரியால் என்றான்,
திரும்பி வருவதென்றால் ஒன்று.
திரும்பும்போது
இரண்டு தலை என்றேன்.