குழாய் பார்த்த பக்கம்

சிம்மக்கல்லில் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்க் கடை எனக்கு.
ஜெசிந்தா மேடம் கொண்டுவந்த அமெரிக்க இசைத்தட்டு
விளிம்பில் விரிசல்; சுற்றுக்கு ஒரு டக்.
முள் மாற்றி ஓடவிட்டேன்.

யாரோ ஒருத்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடுகிற குரல்.
ரயிலேறிப் போனவனைப் பற்றியாம்.
"வடக்கே வேலை, தெற்கே தூக்குக் கயிறு.
அதான் இவங்க பாட்டெல்லாம் ரயிலாப் போகுது" என்றார்.

பிறகு லேபிளைக் காட்டினார்.
கறுப்பர்கள் வாங்குவதற்கென்று
தனி வரிசை எண், தனி விலைப்பட்டியல்.

"பாட்டுக்குமா?" என்றேன்.

கேட்ட வாய் மூடவில்லை,
எழுபத்தெட்டில் மேலூர்ப் பக்கம் ஒரு திருவிழா.
பனைமரத்தில் நான்,
இடுப்பில் கயிறு, தோளில் குழாய்.
கீழேயிருந்து கமிட்டி ஆள் கத்துகிறான்:
"டேய், காலனிப் பக்கம் வேணாம்.
கெழக்கால திருப்பிக் கட்டு."

கட்டினேன்.
இறுக்கி, ரெண்டு முடிச்சு.
பன்னிரண்டு ரூபாய் கூலி, கறிச்சோறு.

மேடம் பாட்டின் வரிகளை
நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்,
நிறுத்தி, திரும்பக் கேட்டு, நிறுத்தி.
அன்றைக்கு ஓடிய பாட்டில் ஒரு வரிகூட
எனக்கு ஞாபகமில்லை.

ராத்திரி காற்று மாறியது.
மேற்கே கண்மாய்க் கரையில்
நாலைந்து பீடி நெருப்பு.
குத்தவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்,
காற்று கொண்டுபோனதை மட்டும்.

செட்டுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.
திருகு கைக்கெட்டுகிற தூரம்.
ஒரு புள்ளி கூட்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கூட்டவில்லை.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் மேடம்.
முள்ளுக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன்.