தன்மைப் பன்மை

மண்டபம் முகாமில்
ஞாயிறு நாலரைக்கு வகுப்பு.
தகரக் கூரை இன்னும் ஆறவில்லை.
இருபத்தொரு பிள்ளைகள், வாசலில் பதினேழு சோடிச் செருப்பு.
காற்று திரும்பினால் கருவாட்டு வாடை
முதல் பெஞ்சில் வந்து உட்காரும்.

நான் இலக்கணம்தான் எடுக்க வந்தேன்.
நாம் என்றால் கேட்பவரும் உள்ளே.
நாங்கள் என்றால் கேட்பவர் வெளியே.
தேர்வில் இரண்டு மதிப்பெண்.

"எங்கட வீட்டில நாம் எண்டு
ஒருத்தரும் கதைக்கிறேல்லை டீச்சர்.
எல்லாத்துக்கும் நாங்கள்தான்" என்றாள் நிரோஜினி.
அவள் பிறந்தது ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்.
பேச்சு மட்டும் பேசாலையில் பிறந்தது.

எடுத்துக்காட்டு சொல்லுங்கள் என்றேன்.
அதுதான் பிழை.

துவாரகன் எழுந்தான்:
"நாம் ஊருக்குத் திரும்புவோம்."

சன்னலுக்கு வெளியே
மகளைக் கூட்டிப்போக வந்த மெற்றில்டா அக்கா
குடத்தை இறக்கி வைத்தாள்.
"ஆரடா அந்த நாம்?
என்ர மூத்தவனைப் பதினாறு வயசில
வீடு புகுந்து இழுத்துக்கொண்டு போனது
ஆமிக்காரன் இல்லை."

துவாரகனின் அப்பா
ஸ்டாண்டு போடாமலே சைக்கிளை விட்டார். விழுந்தது.
"என்ர தம்பி பங்கருக்குள்ளயே கிடக்கிறான்.
ஷெல் அடிச்சது ஆர் எண்டும் சொல்லு,
பிள்ளையள் கேக்கட்டும்."

பெயிண்ட் காயாத கையோடு சுகிர்தன்:
"ஊர் ஊர் எண்டு உங்களுக்கு வேற கதை இல்லையோ?
நான் இங்க பிறந்தனான்.
எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட் வேணும், அவ்வளவுதான்."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்,
விடைத்தாள் என் பையில் இருப்பதுபோல.

போன வருஷம் இந்தச் சுவரில் ஒரு வரைபடம் இருந்தது.
ஒருவர் ஒட்டினார்.
ஒருவர் கிழித்தார்.
மூலைக்கு மூலை பசை மட்டும் மிச்சம்.
அப்புறம் கமிட்டி கூடி,
ஊர்ப் பேச்சு வேண்டாம், கணக்கு மட்டும் எடு என்றது.
எடுத்தேன்.
பிள்ளைகள் தண்ணீர் வரிசையில் நின்று
அப்பாமாரின் வாயை இரவல் வாங்கிச்
சண்டை போட்டார்கள்.

வெளியே நின்றவர்களை உள்ளே கூப்பிட்டேன்.
பெஞ்சு சின்னது, முழங்கால் இடித்தது.
இன்றைக்கு நாமும் கிடையாது,
நாங்களும் கிடையாது என்றேன்.
தன்மை ஒருமை மட்டும்.

சுகிர்தன் உட்காரவில்லை.
"கணக்கையே எடுங்கோ டீச்சர்."
போய்விட்டான்.
அவனைத் தடுக்க என்னிடம் விதி இல்லை.

பாம்பன் பக்கமாக ஒரு ரயில் கடந்து முடிகிறவரை
யாரும் வாய் திறக்கவில்லை.

"நான்..." மெற்றில்டா அக்கா
மேசையின் கீறலை நகத்தால் சுரண்டினாள்.
"நான்தான் அண்டைக்குக் கதவைத் திறந்தனான்."

வெகுநேரம் கழித்து
துவாரகனின் அப்பா, எனக்கு என்று தொடங்கினார்.
நான்காம் வேற்றுமை. அனுமதித்தேன்.
"எனக்கு எங்கட வீட்டுக்குப் போற ஒழுங்கை
மறந்துபோச்சு."
"எங்கட சொல்லக்கூடாது!" இருபத்தொரு வாய்.
அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.
"என்ர வீட்டுக்கு" என்று திருத்தியபோது
சிரிப்பு இல்லை.

துவாரகன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவன் நோட்டில் அந்த முதல் வாக்கியம்
அடிக்கப்படாமல் அப்படியே இருந்தது.
அடிக்கச் சொல்லவில்லை நான்.

"நீங்க டீச்சர்?" நிரோஜினி விடவில்லை.
முகாமில் பிறந்து, பி.எட். முடித்து,
இன்னும் மாதாமாதம் பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறவள்
பலகையில் எழுவாயை எழுதினேன்.
பயனிலை வரவில்லை.
மணி ஆறடித்தது என்று சாக்கு சொன்னேன்.
ஐந்தே முக்கால்தான்.

வாசலில் குறுக்கே கிடந்த சைக்கிளை
அவர் நிமிர்த்தினார்.
குடத்தோடு அவள் கடந்து போனாள்.

அடுத்த ஞாயிறு படர்க்கை.
அவர்கள் என்ற சொல்லுக்கு
எடுத்துக்காட்டு கேட்காமல்
எப்படி நடத்துவது?