திங்கட்கிழமைக் குழி

பத்து மணி ஆட்டம். பன்னிரண்டாகியும் தொடங்கவில்லை.
டெல்லியின் கார்த்திகை; புல் நனைந்து கிடந்தது.
அரைமணிக்கொருமுறை நடுவர் குனிந்து
உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்,
காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.
நிமிர்ந்து, இன்னும் இல்லை என்பார்.
நாங்கள் வாழைப்பழம் தின்றோம்.
ராக்கெட் பிடிக்குப் புது நாடா சுற்றினோம்,
அவிழ்த்தோம், மறுபடி சுற்றினோம்.

முதல் சுற்றிலேயே முதல் தரவரிசைக்காரி:
சீட்டில் அப்படி விழுந்தது. அவள் பெயர் தமாரா.
என் பெயரை அறிவித்தவர்
மங்கையர்க்கரசியை மூன்று துண்டாக்கி
நடுத்துண்டைத் தொலைத்துவிட்டார்.
என் தகுதிக்குப் பின்புறத்து ஏழாம் களம்,
தண்ணீர்த் தொட்டிக்கு அருகில்.
அவள் தயவில் நடுக்களம்,
கூரை போட்ட மேடை, பதினோரு பார்வையாளர்கள்.

சிமெண்டுத் தரையில் வளர்ந்த கால்கள் எனக்கு.
அங்கே பந்து இடுப்புக்கு எழுந்து வந்து
அடி என்று நிற்கும்.
இங்கே அது வழுக்கிக்கொண்டு போகிறது
கடன் வாங்கியவன் தெருவில் நம்மைக் கடப்பதுபோல,
தலை நிமிராமல்.
முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு என்று
எனக்கு நானே சொல்லி முடிப்பதற்குள்
முதல் செட் போய்விட்டது.

ஆனால் ஒன்று.
சர்வீஸ் போட்டுக் குதித்து இறங்கும் என் இடதுகால்
எப்போதும் ஒரே இடத்தில் இறங்கும்,
பதினாறு வருஷப் பழக்கம்.
இரண்டாம் செட், நாலு-நாலு.
கிளப் கட்டடத்துப் பக்கம், கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே
புல் பெயர்ந்து தீப்பெட்டி அளவு மண் தெரிந்தது.
மிதித்துச் சமன் செய்தேன்.
அடுத்த சர்வீஸில் மறுபடி பெயர்ந்தது.

ஆறு-நாலு. கைகுலுக்கும்போது
அவள் கண் ஏற்கெனவே தன் பையில் இருந்தது.
வரி போகக் கொஞ்சம் பணம்;
அதில் பாதி ராக்கெட் நரம்புக்கு.

ஊருக்கு டிக்கெட் ஞாயிறு இரவுக்கு.
ஜெயிக்கப்போகிறவள் மாதிரி எடுத்துவைத்தது.
மாற்றலாமென்றால் காத்திருப்புப் பட்டியல் நூற்றுப் பதினேழு.
ஆகவே கரோல் பாக் அறை வாடகையை
தோற்ற இன்னொருத்தியோடு பங்குபோட்டுக்கொண்டு
தினமும் வந்து மேடையில் உட்கார்ந்தேன்.

புதன்கிழமைக்குள் கோட்டோரம் வெளுத்துவிட்டது.
வெள்ளிக்கிழமை வழுக்கை.
மாலையில் ராம்ஃபல் தண்ணீர் தெளித்து
உருளையை இழுத்துக்கொண்டு போவார்.
என் குழியிலும் ஒரு பிடி மண் போட்டு
உள்ளங்காலால் அழுத்தினார். நின்றதா அது?
மறுநாள் முதல் ஆட்டத்திலேயே கிளம்பிவிட்டது.

அறுகம்புல்தான். எங்கள் ஊரில்
பிள்ளையாருக்கு இரண்டு விரலால் கிள்ளிச் சாத்துவது.
கல்யாணத்தில் அறுகுபோல் வேரோடி என்று
அட்சதை போடுவார்கள்.
இங்கே ஒவ்வொரு ஷூவும் அந்த வேரைக்
கிளறிவிட்டுப் போகிறது, என்னுடையதும்தான்.

ஞாயிறு, இறுதி ஆட்டம்.
தமாராவும், ரோஹ்தக்கிலிருந்து வந்த
பத்தொன்பது வயது பிரகதி தஹியாவும்.
புகைமூட்டத்துக்குள் சூரியன் பழைய ஐம்பது பைசா.
மூன்றாம் செட், தஹியாவுக்கு வெற்றிப் புள்ளி.
தமாரா கட்டடத்துப் பக்கம்.
பதினெட்டு அடி, இருபது அடி என்று எண்ணிக்கொண்டே போனேன்.
பிறகு தஹியா ஒன்று அடித்தாள்;
நல்ல அடிகூட இல்லை,
விளிம்பில் பட்டு, உயர்ந்து, தயங்கி,
கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே விழுந்து
அங்கேயே தங்கிவிட்டது.
தமாராவின் ராக்கெட் வெறுங்காற்றை வீசிப்போனது.

மேடை முழுக்க எழுந்து நின்று கத்தியது.
நாற்காலிக்கு அடியில் என் இடதுகால்
தானாக ஒருமுறை அசைந்தது.

தமாரா வலைக்குப் போகவில்லை, உடனே.
திரும்பி அந்த இடத்துக்கு வந்தாள்.
ஷூ நுனியால் மண்ணைத் தொட்டாள்.
குனிந்து பார்த்தாள்,
திங்கட்கிழமை என்னைப் பார்த்ததைவிடக்
கொஞ்சம் அதிக நேரம்.